போகவா, போக வரவா?

தம்பிமார்களுக்கு,

நுரைச்சோலைச் சந்தியில் புதிதாக த்ரீவீல் போட்டிருக்கிற நீங்கள் வீட்டுக்கு வந்து, "நீங்க எவ்வளவு காலம் ஓடினவர், ஏதாவது எழுதித் தாங்க, கூட்டத்தில வாசிப்பம்" என்று கேட்டீர்கள். நான் படித்தது கொஞ்சம். எழுத்துக் கோணலாக இருக்கும். வாசிக்கிறவர் சமாளியுங்கள்.

ஓட்டுவதைப் பற்றி எழுத மாட்டேன். அது உங்களுக்குத் தெரியும். தெரியாவிட்டால் ரோட்டு சொல்லித் தரும். ஒரு கேள்வியைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

ஆள் ஏறியதும் நாம் கேட்கிறோம்: "போகவா, போக வரவா?" போக மட்டும் என்றால் இறக்கிவிட்டு வெறும் வண்டியாகத் திரும்புகிறோம். போக வர என்றால் அங்கேயே நின்று கூட்டிக்கொண்டு வருகிறோம். கூலி பேசுவதற்காகக் கேட்கிற கேள்விதான். அதற்கு மேல் அதில் ஒன்றும் இல்லையென்றுதான் நானும் நினைத்திருந்தேன்.

எங்கள் வரிசையில் ஒருவர் இருந்தார். பெயர் வேண்டாம், பிள்ளைகள் உங்களோடு ஓடுகிறார்கள். ஒரு நாள் காலை, புதுச் சட்டை, அத்தர் வாசம், கையில் பெட்டியோடு ஒரு இளந்தாரி அவர் வண்டியில் ஏறினான். பாலாவிச் சந்திக்கு. போக மட்டும். இவர் ஒன்றும் கேட்கவில்லை. கொண்டுபோய் கொழும்பு பஸ்ஸில் ஏற்றி, பெட்டியையும் தூக்கிக் கொடுத்து, கை காட்டிவிட்டு வந்தார். வந்தால் சந்தியில் பெண்ணின் கூடப் பிறந்த நானாமார் நிற்கிறார்கள். ஏறிப் போனவன் மாப்பிள்ளை. பகலைக்கு நிக்காஹ். சோறு தம்மில் இருக்கிறது. மாப்பிள்ளைக் கதிரை காலி. கோபத்தில் ஒருவன் இவரையே பிடித்து அந்தக் கதிரையில் உட்கார வைக்க இழுத்தான். இவருக்கு அப்போதே பேரப்பிள்ளைகள்.

அதற்குப் பிறகு, "போக மட்டும்" என்று யாராவது சொன்னால் அவர் திரும்பி ஆளின் பெட்டியைப் பார்ப்பார். அந்தப் பழக்கம் எனக்கும் ஒட்டிக்கொண்டது.

இனி சலீம் நானாவின் கதை. கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். "எழுது. ஆனா என்னை நல்லவனாக்கிடாத" என்றார்.

யுத்தம் முடிந்து, கல்பிட்டி ரோட்டுக்குத் தார் கார்பட் போட்ட காலம். சலீம் நானா போட் இஞ்சின் மெக்கானிக். இந்தக் கரையில் அவர் கை படாத இஞ்சின் குறைவு. அவர் வாய் படாத ஆள் அதைவிடக் குறைவு. ரோட்டில் போகிற வண்டியின் சத்தம் பிழையென்றால் நடு ரோட்டில் நின்று மறிப்பார். என்னைப் பல தடவை மறித்திருக்கிறார்.

"டேய், நீ இத ஓட்டுறியா, அடிச்சுக் கொல்றியா?"

அப்படிப்பட்ட ஆளின் கை வீங்கியது. விரல் முட்டு ஒவ்வொன்றும் தடித்துச் சிவந்தது. விடியற்காலையில் சட்டைப் பொத்தானைப் பூட்ட முடியாது. அஸர் நேரம் எழுந்து நடப்பார். ஊருக்கு அது விளங்கவில்லை. "காலைல நோயாளி, பின்னேரம் பயில்வான்" என்றார்கள்.

மாதாமாதம் கிளினிக்குக்கு நான்தான் கொண்டுபோனேன். போக வர. அங்கே ஒரு தாதி அவருக்கு விளங்கப்படுத்தினார். உடம்பைக் காவல் காக்கிற சக்தி ஒன்று எல்லோருக்கும் உண்டாம். இவருக்கு அது ஆள் மாறி, சொந்த மூட்டுகளையே அடிக்கிறதாம். முற்றாக மாறாது. மருந்தால் அடக்கி வைக்கலாம். சில நாள் நன்றாக இருக்கும், சில நாள் பாயில் போடும்.

திரும்பி வரும்போது பின்னால் இருந்து குரல் வந்தது.

"காவல்காரன் வீட்டுக்காரனையே அடிக்கிறானாம். நான் அவனுக்கு என்ன செஞ்சன்?"

"தெரியாது நானா."

"தெரியாட்டி ரோட்டப் பாத்து ஓட்டு."

ஊர் சும்மா இருக்குமா? சுடு மணலில் புதைத்தால் வாதம் இறங்கும் என்று மச்சான்மார் அவரைக் கடற்கரைக்குக் கொண்டுபோய்க் கழுத்து வரைக்கும் புதைத்தார்கள். அஸர் பாங்கு கேட்டது. எல்லோரும் தொழப் போனார்கள். தொழுதுவிட்டுப் பள்ளிக்குப் பக்கத்தில் கத்தம் ஓதின ஒரு வீட்டுச் சோற்றுக்குப் போய்விட்டார்கள். இவரை மறந்துவிட்டார்கள். நான் தேடிப் போனபோது மணலுக்கு மேலே தலை மட்டும் இருந்தது. முன்னால் ஒரு நாய் உட்கார்ந்து தலையைப் பார்த்துக்கொண்டிருந்தது. கடலில் ஒரு போட் போனது. தலை சொன்னது:

"அந்த இஞ்சின்ல பிளக் ஒண்டு வேலை செய்யல்ல. போய்ச் செல்லு அவனுக்கு."

அன்றைக்கு நான் பயப்படவில்லை. அவருக்கு அந்த வாய் இருந்தது.

பயம் பிறகுதான் வந்தது. என் வண்டியின் சைலன்சரில் ஓட்டை விழுந்தது. சந்தியில் நாய்களெல்லாம் குரைத்துக்கொண்டு பின்னால் ஓடி வரும், அவ்வளவு சத்தம். அந்த வண்டியில் சலீம் நானா கிளினிக்குக்குப் போனார், வந்தார், ஒரு வார்த்தை சொல்லவில்லை. சரி, அடுத்த மாதம் திட்டுவார் என்று நான் சைலன்சரைத் திருத்தாமல் வைத்திருந்தேன். அடுத்த மாதமும் திட்டவில்லை. சத்தம் காதில் விழுந்த மாதிரியே தெரியவில்லை.

அவர் மனைவியை நாங்கள் ராத்தா என்போம். ராத்தா வாசலுக்கு வந்து என்னிடம் சொன்னார்: "தின்றதுமில்ல, படுக்கிறதுமில்ல. சுவரைப் பாத்துக்கிட்டு இரிக்கிறாரு. என்னோட சண்டை பிடிச்சே எவ்வளவு நாள். வீட்ல ஆம்புள ஒண்டு இரிக்கிறதாவே தெரியல்ல."

எங்கள் பக்கத்து வழக்கம் உங்களுக்குத் தெரியும். நோயாளியைப் பார்க்க வெறுங்கையோடு போகக் கூடாது. கரைத்துக் குடிக்கிற மோல்ட் மா டின் ஒன்று கொண்டுபோக வேண்டும். வந்தவர்கள் டின்னை வைப்பார்கள். "சபூர் செய்ங்க, பொறுமையா இரிங்க நானா" என்பார்கள். "முகம் நல்லாத்தானே இரிக்கி" என்பார்கள். டீ குடித்துவிட்டுப் போவார்கள். வெளியே வந்து ஒருவன் அல்லாஹ் மேல் ஈமான் குறைந்துவிட்டது என்றான், இன்னொருவன் சோம்பல் என்றான். சலீம் நானா மோல்ட் குடிப்பதில்லை. டின்கள் அலுமாரிக்கு மேலே ஏறி, முகட்டைத் தொட்டன. ராத்தாவும் வேறு நோயாளியைப் பார்க்கப் போனால் அதிலிருந்து ஒன்றை எடுத்துக்கொண்டு போவார். எல்லா வீட்டிலும் அப்படித்தான்.

ஒரு நாள் லுஹர் தொழுகைக்குப் பிறகு, நல்ல வெயில். வரிசையில் ஒரு கதை ஓடிக்கொண்டிருந்தது. சலீம் நானா தன் ஸ்பேனர் பெட்டியைத் தூக்கி அடுத்த கரை மெக்கானிக்குக்குச் சும்மா கொடுத்துவிட்டாராம். அந்த மெக்கானிக்கைத்தான் அவர் காலமெல்லாம் "இஞ்சின் கொல்லி" என்று ஏசினார். எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஏனென்று யோசிப்பதற்குள் அவரே வந்தார். ஒரு சாக்கை இழுத்துக்கொண்டு. சாக்குக்குள் கடகட என்று சத்தம். என்னுடைய முறை.

"எங்க நானா?"

"தலவில கடற்கரைக்கு."

"திருவிழா இல்லையே இப்ப."

"உனக்கென்ன?"

"போகவா, போக வரவா?"

"போக."

வேதக் கோயில் திருவிழா இல்லாத நாளில் அந்தக் கரையில் திரும்பி வர வண்டி கிடைக்காது. போகிற எவனும் போக வர என்றுதான் சொல்வான். நான் சாக்கைப் பார்த்தேன்.

"இது?"

"மோல்ட். என்னை இறக்கிட்டு, கொண்டு வந்தவங்கட வீடுகள்ல இதுகளக் குடுத்துடு. ஆர்ட சாமானும் எனக்கு வேணாம்."

தம்பிமாரே, ஏற்றமாட்டேன் என்று சொல்லலாம். சொன்னால் பின்னால் நிற்கிற வண்டியில் ஏறுவார். அவன் ஏற்றிக்கொண்டு போவான், இறக்கிவிட்டு வருவான். அதனால் ஏற்றினேன்.

கரண்ட் எடுக்கிற பெரிய காற்றாடிகள் நிற்கிற இடத்தில் ரோட்டோரம் நிறுத்தினேன். இஞ்சினை நிறுத்தினேன். திரும்பிப் பார்க்கவில்லை. கண்ணாடியில் அவர் முகம் தெரிந்தது.

"நானா, மவுத்தாகவா போறீங்க?"

காற்றாடி சுற்றிக்கொண்டிருந்தது.

"ஓம்" என்றார்.

சாகப் போகிறீர்களா என்று கேட்டால் இல்லாத நினைப்பு வந்துவிடும் என்று சிலர் சொல்வார்கள். அந்த நினைப்பு எனக்கு முன்பே வண்டியில் ஏறி அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது. நான் கேட்டதால் ஏறவில்லை. கேட்டதும் அவர் தோள் கொஞ்சம் இறங்கியதைக் கண்ணாடியில் பார்த்தேன். பாரம் தூக்கிக்கொண்டு நின்றவன் கீழே வைத்த மாதிரி.

எனக்கு நல்ல வார்த்தை தெரியாது. பிள்ளைகளை நினையுங்கள், அல்லாஹ்வை நினையுங்கள் என்று வாய் வரைக்கும் வந்தது. அதெல்லாம் டின் கொண்டு வந்தவர்கள் சொல்லி முடித்துவிட்டார்கள். நேரம் கிடைத்தால் போதும் என்று மட்டும் நினைத்தேன்.

"இதுல எது ஆர்ட டின்?" என்று கேட்டேன்.

"என்ன?"

"எந்த டின்ன எந்த வீட்ல குடுக்கிற?"

"எல்லாம் ஒண்டுதானே. வீட்டுக்கு ஒண்டு குடு."

"ஏலாது நானா. பெரிய டின் தந்தவன்ட வீட்டுக்குச் சின்னது போனா ஊர் சண்டை. நீங்க போயிடுவீங்க. ஏச்சு கேக்கிறது நான்."

அவர் சாக்குக்குள் எட்டிப் பார்த்தார்.

"ஒரு இஞ்சின்ட ஆணிய இன்னொரு இஞ்சின்ல பூட்டுவீங்களா நீங்க?"

தன் வீங்கின விரல்களைப் பார்த்தார். நீண்ட நேரம். பிறகு சாக்கைத் தட்டி, "திருப்பு. குடுத்துட்டுப் போவம்" என்றார்.

"ஓம். குடுத்துட்டுப் பாப்பம்" என்றேன்.

முதல் வீடு மரியதாஸ் அண்ணனுடையது. கரையில் மீன் ஏலம் கூறுகிறவர். அவர் மனைவி பிலோமினா அக்கா டின்னை வாங்கித் தலைகீழாகக் கவிழ்த்துப் பார்த்தார்.

"இது நான் தந்த டின் இல்ல."

"எப்பிடித் தெரியும்?"

"என்ட டின்னுக்கு அடியில ஆணியால சிலுவை கீறி வெச்சன்."

"என்னத்துக்கு?"

"சுத்திச் சுத்தி என்னட்டையே வருதா எண்டு பாக்கத்தான்!"

சாக்கை முற்றத்தில் கொட்டிக் கவிழ்த்துப் பார்த்தோம். அந்த எண்ணம் அவருக்கு மட்டும் வந்ததல்ல. ஒன்றின் அடியில் பிறை கீறியிருந்தது. ஒன்றில் போட் நம்பர். ஒன்றில் யாரோ ஒரு மீன் வரைந்து, கண்ணும் வைத்திருந்தார்கள். சிலுவை மட்டும் இல்லை.

"அப்ப என்ட டின்ன நானா குடிச்சிட்டீங்களா?"

"நான் மோல்ட் குடிக்கிறதில்ல" என்றார் சலீம் நானா.

"அப்ப ராத்தா ஆருக்கோ குடுத்திட்டா! இரிக்கட்டும், கேக்கிறன்."

இவர்கள் சண்டை பிடிக்கும்போது நான் கிணற்றடியில் கால் கழுவுகிற மாதிரிப் போய், மரியதாஸ் அண்ணனிடம் விஷயத்தைச் சொன்னேன். "ராத்தாவுக்கு போன் எடுத்து, பெரியாஸ்பத்திரிக்கு வரச் செல்லுங்க. சத்தம் போடாம" என்றேன். ஏலத்தில் கரையே அதிரக் கத்துகிற மனுசன். வாயைத் திறந்தார், சத்தம் வரவில்லை. தலையை மட்டும் ஆட்டினார். தனியாகச் சமாளிக்கப் பார்க்காதீர்கள். ஒருவருக்காவது சொல்லுங்கள்.

இரண்டாவது, பிறை டின். ஹாஜியார் கடை, பெயர்ப் பலகையிலும் அதே பிறை. அவர் டின்னில் திகதியைப் பார்த்தார், பிறகு எங்களைப் பார்த்தார்.

"இது காலம் முடிஞ்ச டின். என்ட கடையில வித்த சாமான் திருப்பி எடுக்கிறதில்ல."

"விக்கல்ல ஹாஜியார்" என்றேன். "நோய் பாக்க வந்து நீங்க தந்தது."

"காலம் முடிஞ்சதையா நான் தந்தன்?"

"தரும்போது முடியல்ல. இவரோட இருந்து முடிஞ்சது."

"அப்பிடியெண்டாலும் தந்த ஹதியாவத் திருப்புறதா? இது என்ன மரியாத?" அவருக்கு முகம் சிவந்துவிட்டது. டின்னை எடுக்கவில்லை. அதற்கு மேலே ஒரு பிஸ்கட் பெட்டியை வைத்து, "உங்கட முகம் வாடியிரிக்கி நானா. இதையும் கொண்டு போங்க" என்றார்.

சலீம் நானா வண்டியில் ஏறி, பிஸ்கட் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, "இவன் என்னடாப்பா" என்றார். பல மாதத்துக்குப் பிறகு அவர் வாயில் யாரையோ பற்றி ஒரு குறை. நான் வண்டியை மெதுவாக ஓட்டினேன்.

மூன்றாவது, போட் நம்பர் டின். அந்தப் போட்காரர் நஸீர், படியில் விழுந்து கால் உடைந்து கட்டிலில் கிடந்தார். எங்களுக்கு அது தெரியாது. டின்னோடு உள்ளே போனதும் அவர் எழும்பப் பார்த்தார். கண் கலங்கிவிட்டது.

"சலீம் நானா! உங்களுக்கே ஏலாது. என்னைப் பாக்க வந்தீங்களா? ஊர்ல ஆம்புள ஒருத்தனும் வரல்ல நானா!"

டின்னைத் திருப்பிக் கொடுக்க வந்தோம் என்று எப்படிச் சொல்வது? சலீம் நானா கதிரையில் உட்கார்ந்தார். "கால் எப்பிடி?" என்றார். நஸீர் காலைப் பற்றிச் சொன்னார், விழுந்த படியைப் பற்றிச் சொன்னார், அந்தப் படியைக் கட்டின மேசனைப் பற்றி நிறையச் சொன்னார். டீ வந்தது. சலீம் நானா குடித்தார். அன்றைக்கு அவர் வாயில் வைத்த முதல் சாமான் அதுவென்று பிறகு தெரிந்தது. எழும்பும்போது நஸீரின் மனைவி பெரிய டின்னாக ஒன்றைக் கொண்டு வந்து அவர் கையில் வைத்தார்.

"நீங்களும் ஏலாத மனுசன். வெறுங்கையோட அனுப்ப ஏலாது."

வாசலுக்கு வந்து சலீம் நானா அந்த டின்னைக் கவிழ்த்துப் பார்த்தார். அடியில் சிலுவை.

அவர் வண்டிக்குள் உட்கார்ந்ததும் பின்னால் ஒரு சத்தம் வந்தது. வலிப்பு என்று நினைத்துத் திரும்பினேன். சிரிக்கிறார். டின்னைப் பிடித்துக்கொண்டு, சத்தமில்லாமல், உடம்பெல்லாம் குலுங்க. "ஒரு டின்னக் குடுத்து முடிக்க ஏலல்லையேடா. மனுசன் எப்பிடி மவுத்தாகிற?" என்றார். பிறகு சிரிப்பு அழுகையாக மாறியது. அதுவும் நீண்ட நேரம். நான் இஞ்சினை ஸ்டார்ட் செய்து சும்மா விட்டேன்.

அழுது முடித்து மூக்கைத் துடைத்துவிட்டு, "உன்ட சைலன்சர் ஓட்டை. காது அடைச்சிருக்காடா உனக்கு?" என்றார்.

"ஓட்டைதான் நானா."

"சரி. இப்ப எனக்கு ஒண்டுமில்ல. வீட்ட விடு."

இந்த இடத்தில்தான் கவனம் வேண்டும், தம்பிமாரே. ஆள் சிரித்துவிட்டார், அழுதுவிட்டார், ஏசிவிட்டார். நமக்கும் களைப்பு. வீட்டில் இறக்கிவிட்டால் நம் வேலை முடிந்தது என்று தோன்றும். சிரித்தவனுக்குச் சுகம் என்று அர்த்தமில்லை. வீட்டில் அதே சுவர் இருக்கிறது.

"வீட்டுக்கு ஹயர் இல்ல. ஆஸ்பத்திரிக்கு ஹயர் இரிக்கி" என்றேன்.

"ஆரு ஹயர் பேசின?"

"நான்."

திட்டிக்கொண்டே வந்தார், புத்தளம் வரைக்கும்.

ஆஸ்பத்திரி வாசலில் காவலாளி சாக்கைப் பார்த்து மறித்தார். உள்ளே என்ன என்று சிங்களத்தில் கேட்டார். மோல்ட் என்றேன். எல்லாமா என்றார். எல்லாம் என்றேன். ஒரு டின்னை எடுத்துக் காதில் வைத்துக் கேட்டார். யுத்தம் முடிந்திருந்தது, அவர் காதுக்கு இன்னும் முடியவில்லை. கடைசியில் சாக்கைத் தன் கூண்டுக்குள் வைத்துக்கொண்டு எங்களை விட்டார்.

டாக்டர் இளம் பெண். சிங்களப் பிள்ளை. பழகித் தமிழ் பேசினார்.

"கை எப்படி?"

"கை இரிக்கி."

"மனசு எப்படி?"

சலீம் நானா என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன்.

"மனசு ஸ்டார்ட் ஆகுதில்ல மிஸ்" என்றார். "கயிற இழுக்கிறன், இழுக்கிறன். ஆகுதில்ல."

அந்தப் பிள்ளை பேனையைக் கீழே வைத்தது. நான் வெளியே வந்துவிட்டேன். உள்ளே நீண்ட நேரம் பேசினார்கள்.

பிறகு என்னையும் ராத்தாவையும் கூப்பிட்டுச் சொன்னார். இந்த மாதிரித் தீராத நோய் உள்ள பலருக்கு இப்படி மனமும் விழும். வலி, தூக்கமின்மை, கையால் வேலை செய்ய முடியாத கவலை, நோயின் வேகமும்கூட, எல்லாம் சேர்ந்து தள்ளும். ஈமான் குறைவும் இல்லை, சோம்பலும் இல்லை. இதுவும் ஒரு நோய். இதற்கும் மருந்து உண்டு, பேசிக் குணமாக்குகிற ஆட்களும் உண்டு. மூட்டு நோயை மட்டும் பார்த்துவிட்டு இதை விட்டால் இரண்டும் கூடும். கொஞ்ச நாள் வார்டில் இருக்கட்டும், தனியாக விட வேண்டாம் என்றார்.

ராத்தா கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"என்னட்ட ஒரு வார்த்த செல்லியிருக்கலாமே."

"சுவத்துக்குச் செல்லிக்கிட்டுத்தானே இருந்தன். நீ சுவத்துக்கு அங்கால குசினில இருந்த."

"குசினில ஆணம் கொதிக்கிற சத்தத்தில சுவர் வழியா கேக்குமா மனுசா!" என்றார் ராத்தா. அது சண்டைதான். நான் எழும்பி வந்துவிட்டேன்.

பிறகு எல்லாம் சுகமாகிவிட்டது என்று எழுதினால் பொய். மருந்து பிடிக்க நாள் எடுத்தது. ஒரு மருந்தை மாற்றினார்கள். நன்றாக இருந்து மறுபடி விழுந்த மாதங்களும் உண்டு. கை முந்தி மாதிரி வரவில்லை. இஞ்சின் கொல்லி ஒரு நாள் ஸ்பேனர் பெட்டியைத் திருப்பிக் கொண்டு வந்து வைத்தார். "இதத் தொட்டா உங்கட ஏச்சு கேக்குது நானா. எனக்கு வேணாம்" என்றார். இப்போது இஞ்சினை அவர் கழற்றுகிறார், சலீம் நானா கதிரையில் இருந்து ஏசுகிறார்.

எனக்குக் கண் மங்கிவிட்டது. வண்டியை விற்றுவிட்டேன். இனி அவர் உங்கள் வண்டிகளில்தான் ஏறுவார். அதற்காகத்தான் இவ்வளவும் எழுதினேன்.

ஏறும்போதே, நீங்கள் கேட்க முதல், "போக வர" என்பார். அடுத்த முடக்கில் இருக்கிற பள்ளிக்குப் போனாலும் போக வர. வண்டியை ஏசுவார். ஏசட்டும், நல்லது. ஏசாமல் வந்தால் கொஞ்சம் பேச்சுக் கொடுங்கள். என்றைக்காவது "போக" என்று மட்டும் சொன்னால் ஏற்றிக்கொள்ளுங்கள், நேரே கேளுங்கள், ராத்தாவுக்குச் சொல்லுங்கள், ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். அவராக இல்லாவிட்டாலும், யாராக இருந்தாலும் அப்படியே செய்யுங்கள்.

அவர் ஆஸ்பத்திரிக்கு வரமாட்டேன் என்று அடம்பிடித்தால் முதலில் என் வீட்டுக்கு வாருங்கள். காவலாளியிடம் திருப்பி வாங்கின டின் சாக்கு என் கட்டிலுக்குக் கீழே இருக்கிறது. இன்னும் கொடுத்து முடியவில்லை.